வளைவுக்கு இந்தப் பக்கம்

அன்று காலை காஹாங் ஆற்றங்கரையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி சரோஜா, அவளுடைய தம்பி கண்ணியப்பன், அந்த இறங்குதுறையைப் பார்த்துக்கொண்டிருந்த பாக் டின் என்கிற மலாய்க்காரப் பெரியவர். அவருடைய நாயையும் கணக்கில் சேர்த்தால் ஐந்து. என் சூப்பர்வைசர் சியா அங்கே இல்லை. ஆனாலும் படகில் எனக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்தது போலத்தான் இருந்தது.

தெப்ராவில் நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது புரோகிராம் எழுதுகிற பெண் கவிதா. தொழிலாளர் நலச் சங்கத்தின் தீபாவளி மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், வேலையையும் பார்த்தீங்க, வீட்டுல கைவேலையும் செஞ்சீங்க, மீன் பிடிக்கவும் போனீங்க. எப்படி சமாளிச்சீங்க? அத எழுதுங்க."

நான் சமாளித்தேன் என்று இவளிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மறுத்தால் கோபித்துக்கொள்வாளோ என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. எழுத்துப் பிழை இருந்தால் அவளே திருத்திக்கொள்ள வேண்டும்.

நான் பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டேன். பிளாஸ்டிக் சாமான்களுக்கு எஃகு அச்சு செய்கிற பட்டறையில் இரும்புத் துருவல் கூட்ட ஆரம்பித்து, மெஷினுக்கு எஃகுக் கட்டி ஏற்றி, பிறகு பொத்தானை அமுக்கி, கடைசியில் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுகிறவன் ஆனேன். புரோகிராம் என்றதும் வங்கிக் கணினியை நினைக்க வேண்டாம். என்னுடையது எஃகை வெட்டுகிற மெஷின். வெட்டுகத்தி எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம் என்று வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதை அப்படியே செய்யும். தப்பாக எழுதினால் தப்பையும் அப்படியே செய்யும். என்னைப் போல் பயந்த சுபாவக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வேலை கிடையாது. இதைவிடப் பொருத்தமான வேலையும் கிடையாது.

சியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், முட்டி வலிக்காரர். சட்டைப்பையில் எப்போதும் வறுத்த கச்சான் கடலைப் பொட்டலம் இருக்கும். கத்தவே மாட்டார். அவர் பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். புதுப் புரோகிராம் எழுதிக் கொடுத்தால் தாளைப் பார்க்கவே மாட்டார். சாக்பீஸை எடுத்துத் தரையில் எஃகுக் கட்டியைப் பெரிதாக வரைவார். எங்கெங்கே குழி தோண்ட வேண்டும், கட்டியைப் பிடித்திருக்கும் கிளாம்புகள் எங்கே என்று எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, "நட" என்பார்.

புரோகிராமை எழுதியவன்தான் கத்தி. தாளை ஒரு கையில் வைத்து வரி வரியாகப் படித்தபடி அந்தப் படத்தின் மேல் நடக்க வேண்டும். கத்தி எஃகுக்குள் இருக்கும்போது மற்றக் கை கீழே இருக்கும். ஒரு குழி முடிந்து அடுத்த குழிக்குப் போகும்போது கையை மேலே தூக்க வேண்டும். தூக்காமல் நடந்தால் கத்தி கிளாம்பில் போய் மோதும் என்று அர்த்தம். கத்தி உடையும், கட்டி கெடும், மெஷினின் கழுத்தும் திரும்பிக்கொள்ளும். சியா ஸ்டூலில் உட்கார்ந்து கச்சான் உரித்துக்கொண்டே, "மணியம், கை எங்கே?" என்று கேட்பார். அவ்வளவுதான் அவருடைய திட்டு. பட்டறை முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் பாதி வழியில் கையைத் தொங்கப் போட்டு நின்ற நாள்கள் உண்டு.

நடந்து முடித்த பிறகும் விடமாட்டார். முதல் வெட்டு ஓடும்போது எழுதியவன் மெஷின் பக்கத்திலேயே, சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்து நிற்க வேண்டும். மூத்திரம் வந்தாலும் நிற்க வேண்டும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பின்கட்டுக்குக் கூரை போடும்போது, தண்ணீர்த் தொட்டிக்கு மேடை கட்டும்போது, எல்லாவற்றுக்கும் முதலில் தரையில் வரைந்து நடந்து பார்ப்பேன். சரோஜா வாசலில் நின்று சிரிப்பாள். "ஏங்க, கையக் கீழ போடுங்க. ரோட்டுல போற டாக்சியெல்லாம் நிக்குது."

படகு செய்வது அவளுடைய யோசனை. எனக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியும், அவளுக்கு மீன் பிடிக்கத் தெரியும், இரண்டும் வேறு. கரையில் நின்று நின்று அவளுக்கு அலுத்துவிட்டது. "அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்கணும்ங்க. கரையோரமா நடந்து போக முடியாது, ஒரே முள்ளு. படகு இருந்தா போலாம்." காஹாங்கில் நாங்கள் வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் ஆறு கொஞ்ச தூரம் நேராகப் போய் இடது பக்கம் திரும்பி மறைந்துவிடும். செம்பனை மரங்களுக்கு நடுவே அந்த ஒரு இடத்தில் மட்டும் பெரிய காட்டு மரங்கள் தண்ணீரின் மேல் சாய்ந்திருக்கும்.

கார் நிறுத்துகிற இடத்தில் காரை வெளியே தள்ளிவிட்டு, ஒட்டுப்பலகையில் படகைக் கட்ட ஆரம்பித்தோம். அவள் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். நான் ஓவர்டைம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தது ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை. பட்டறையிலிருந்து அழைப்பு வந்தால் நான் போய்விடுவேன். திரும்பி வரும்போது அவள் தனியாக ஒரு பலகையை இழைத்து வைத்திருப்பாள். பசையும் மரத்தூளும் அவள் தலைமுடியில் ஒட்டியிருக்கும். அந்த வாசனைக்காக இன்றைக்கும் எனக்கு மரக்கடைக்குள் போய்ச் சும்மா நிற்கத் தோன்றுகிறது. வேலையில் இருக்கும்போது படகை நினைப்பேன். படகின் பக்கத்தில் இருக்கும்போது மெஷினை நினைப்பேன்.

கட்டி முடித்ததும் கண்ணியப்பன் கேட்டான்: "அக்கா, நான் ஒரு ரவுண்டு போய் மிதக்குதா பாக்கட்டுமா?"

"கைய வைக்காத. மொத தடவ நானும் இவங்களும்தான். வளைவு வரைக்கும் போய், அந்தப் பக்கம் பாத்துட்டு வருவோம். அப்புறம் நீ என்னமும் செஞ்சுக்க."

எனக்கும் ஒரு கட்டளை இருந்தது. "அன்னைக்குக் கைப்பேசி வீட்டுலதான் இருக்கணும். அது படகுல ஏறுனா நான் ஏற மாட்டேன்."

சரி என்றேன். அந்த ஒரு நாளை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

அந்த வாரம்தான் நாற்காலி அச்சு வந்தது. கல்யாண மண்டபத்தில் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறதே, அதற்கான அச்சு. எங்கள் பட்டறை அதுவரை அவ்வளவு பெரிய எஃகுக் கட்டியைப் பார்த்ததில்லை. கடன் வாங்கி வரவழைத்ததாக முதலாளி தவுக்கேயே எங்களிடம் வந்து சொன்னார். அது கெட்டால் மறு கட்டி வாங்க வழியில்லை என்றும் சொன்னார். புரோகிராம் என்னுடையது. சனிக்கிழமை காலை சியா தரையில் வரைந்தார், நான் நடந்தேன். முதல் குழி வெட்டும்போது பொத்தான் மேல் விரல் வைத்து நின்றேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. மீதிக் குழிகளை ஆபரேட்டர்களை மட்டும் வைத்து ஞாயிறு மாலை வரை ஓட்டுவதாக ஏற்பாடு. சியா ஒரு கல்யாண விருந்துக்குக் கிளம்பிப் போனார்.

அவர் போன பிறகு ஒரு கிளாம்பின் மரை தேய்ந்து கழன்றுகொண்டது. நல்ல வேளை, மெஷின் நின்றிருந்த நேரம். மாற்றுவதற்கு அதைவிட உயரமான கிளாம்ப்தான் இருந்தது. உயரமான கிளாம்ப் என்றால் அந்தப் பக்கமாகக் கத்தி போகிற ஒவ்வொரு இடத்திலும் இன்னும் மேலே தூக்க வேண்டும். மெஷின் பக்கத்தில் நின்றபடியே வரிகளைத் திருத்தினேன். தாளில் விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதற்குள் சரோஜாவின் அழைப்பு. "தம்பி லோரியோட வந்துட்டான். படகத் தூக்கிவைக்க ஆள் பத்தல, சீக்கிரம் வாங்க." மெஷின் அந்த உயரமான கிளாம்பைத் தாண்டிப் போவதை இரண்டு மூன்று முறை நின்று பார்த்தேன். தாண்டியது. வீட்டுக்குப் போனேன். காலையில் வரைந்த கோடுகள் காலடியில் அழிந்துவிட்டிருந்தன. புதிதாக வரைந்து நடக்கவில்லை.

மறுநாள் காலை படகு தண்ணீரில் இறங்கியது. பாக் டின் ரப்பர் செருப்பு போட்ட காலோடு தண்ணீருக்குள் வந்து ஒரு கை கொடுத்தார். படகு ஒழுகவில்லை. அவ்வளவு நாள் பயந்ததெல்லாம் வீண். சரோஜா முன்னால், நான் பின்னால். ஆளுக்கொரு துடுப்பு. பழுப்புத் தண்ணீர், மேலே பனிமூட்டம் இன்னும் முழுக்கக் கலையவில்லை. அவள் பின்கழுத்து வியர்த்திருந்தது. துடுப்புப் போடுகிற தாளத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என் வாழ்க்கையில் கவலை இல்லாமல் இருந்த நேரம் என்று ஒன்று இருந்தால் அதுதான். வளைவு நெருங்கி வந்தது. சாய்ந்த மரங்களின் வேர்கள் கூடத் தெரிந்தன.

அப்போது மரத்தில் ஏதோ பெரிய பறவையைப் பார்த்து, "அங்க பாருங்க!" என்று அவள் கையை உயர்த்தினாள்.

அந்த உயர்ந்த கையைப் பார்த்ததும் என் மனசு தானாக நடக்க ஆரம்பித்துவிட்டது. முதல் குழி, கை மேலே. அடுத்தது, கை மேலே. இப்படியே போய்க் கடைசிக் குழிக்கு வந்தேன். அங்கே கை எங்கே? அந்த வரியைத் திருத்தியதாக நினைவு வரவில்லை. தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிய நினைவே வரவில்லை.

"ஏங்க, துடுப்பப் போடாம என்ன யோசன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

சொன்னேன். அவள் பறவையைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. "எத்தன மணிக்கு மெஷின் அந்த எடத்துக்கு வரும்?"

"மத்தியானம் மூணு மணி வாக்குல."

"இங்கேருந்து தெப்ராவுக்கு ரெண்டு மணி நேரம். வளைவு வரைக்கும் போய்ட்டுத் திரும்புனா முடியாதா?"

நேரம் இருந்தது. இன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டால் தாராளமாக இருந்தது. ஆனால் வழியில் டயர் வெடித்தால்? கூலாய் பக்கம் நெரிசல் இருந்தால்? மெஷின் நான் நினைத்ததைவிட வேகமாக ஓடியிருந்தால்? "தெரியல, சரோ" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. துடுப்பை மறு பக்கம் போட்டு அவளே படகைத் திருப்பினாள். "ஒங்களுக்குக் கவலையே இல்லன்னா, ஏன் இல்லன்னு கவலப்படுவீங்க" என்றாள். நான் வளைவைத் திரும்பிப் பார்த்தேன். "திரும்பாதீங்க, படகு ஆடுது" என்றாள்.

கரையில் கண்ணியப்பன், "என்ன மச்சான், அதுக்குள்ள ஓட்டையா?" என்றான்.

"படகுல இல்லடா. ஒங்க மச்சான் மண்டையில" என்றாள் சரோஜா. "நீ ஏறு. நான் அந்தப் பக்கம் பாக்காம வர மாட்டேன்."

பாக் டின் மலாயில், "அலமாக், மீனே இன்னும் எழுந்திருக்கல, அதுக்குள்ள வீட்டுக்கா?" என்றார். நான் காரில் ஏறினேன். கண்ணாடியில் பார்த்தேன். அக்காவும் தம்பியும் படகில் போய்க்கொண்டிருந்தார்கள். என் துடுப்பு அவன் கையில் இருந்தது.

காஹாங் கடைத்தெருவில் பொதுத் தொலைபேசியிலிருந்து பட்டறைக்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும்; யாரும் எடுக்கவில்லை. சியாவின் எண் என் கைப்பேசிக்குள் இருந்தது. கைப்பேசி வீட்டில் இருந்தது.

பட்டறைக்குள் ஓடினேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, பனியனோடு, சியா. ஒரு விரல் சிவப்புப் பொத்தான் மேல். மற்றக் கையில் கச்சான். தரையில் புதுசாய் சாக்பீஸ் கோடுகள்.

திரும்பாமலே சொன்னார்: "ஒண்ணு விட்டுட்டே. கடைசிக் குழி. காலையிலேயே கைய மேல ஏத்திட்டேன்."

காலையில் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்திருக்கிறார். உயரமான கிளாம்பைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "புதுக் கோடு இல்ல. நீ நடக்கலன்னு தெரிஞ்சுபோச்சு." அந்த முட்டியோடு அவரே வரைந்து, அவரே நடந்து, கை தூக்காத இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். "ஒன் கைப்பேசிக்கு அடிச்சேன், கவலப்படாதேன்னு சொல்ல. மணி அடிச்சுக்கிட்டே இருக்கு."

"அப்ப நான் வந்திருக்க வேணாமா?"

ஒரு கச்சானை வாயில் போட்டுக்கொண்டு, "வேணாம் லா" என்றார். பிறகு, "படகு தண்ணி எடுக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப நல்ல படகு" என்று கச்சான் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

இன்னொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் கரையேறியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மணி வாக்கில் மெஷின் கடைசிக் குழிக்கு வந்தது. கத்தி மேலே எழும்பி, அந்த உயரமான கிளாம்பின் தலைக்கு மேலே விரல் அகல இடைவெளியில் தாண்டி, மெதுவாக இறங்கியது. இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம். எண்ணெய் வாசனை, எஃகு சீவுகிற சத்தம், பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற மனிதர். எந்த நேரத்தில் நான் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மத்தியானத்துக்காகவும் இப்போது ஏங்குகிறேன் என்றால் சரோஜா என்ன நினைப்பாளோ.

பொழுது சாய்ந்து அவள் வீட்டுக்கு வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கையில் இரண்டு பெரிய மீன்கள்.

"அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?"

"வந்து பாருங்க. சொல்ல மாட்டேன்."

"சும்மா சொல்லு."

"சொன்னா நீங்க வர மாட்டீங்க. சொன்னத வச்சுக்கிட்டே வீட்டுல ஒக்காந்துருவீங்க." தம்பியிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள்.

அந்த ஆண்டுக் கடைசி மழையில் வெள்ளம் வந்தது. சாய்ந்திருந்த மரங்கள் வளைவுக்கு முன்னாலேயே ஆற்றின் குறுக்கே விழுந்து வழியை அடைத்துவிட்டதாகப் பாக் டின் சொன்னார். போய்ப் பார்த்தோம்; துடுப்புக்கூட நுழையாது. அதற்கு இந்தப் பக்கமாகவே சில ஞாயிறுகள் சுற்றினோம். வேறு குளம், வேறு கழிமுகம் என்றும் போனோம். நல்ல நாள்கள்தான். சனிக்கிழமைகளில் நான் திருத்திய புரோகிராமை சியாவே நடந்து காட்டி, "போ லா, படகு காத்திருக்கு" என்று விரட்டுவார். அவர் வேலையை விட்டு மூவாரில் தங்கை வீட்டுக்குப் போன பிறகு என்னை விரட்ட ஆள் இல்லை. ஞாயிறுகள் குறைந்தன. படகு கார் நிறுத்துமிடத்தில் கவிழ்ந்தே கிடந்தது.

இப்போது பட்டறையில் யாரும் நடப்பதில்லை. கவிதா புரோகிராமை எழுதியதும் திரையிலேயே கத்தி ஓடுகிறது. எங்காவது மோதினால் அந்த இடம் சிவப்பாகிவிடுகிறது. "பாத்தீங்களா அங்கிள், வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கலாம்" என்றாள். நல்ல காரியம்தான். அவள் தூங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எங்காவது போகட்டும். அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அவ்வளவுதான்.

எனக்கு இப்போது ஏழு நாளும் ஞாயிறு. சரோஜாவுக்கு ஒன்றுகூட இல்லை. சிங்கப்பூரில் மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை வந்து, வீட்டைக் கழுவிவிட்டு, துணி மடித்துவிட்டு, எல்லைப் பாலத்து நெரிசலுக்குப் பயந்து மறுநாளே போய்விடுகிறாள். போன தடவை வந்தபோது, "படகு சும்மா வெயில்ல கெடந்து பாழாகுது. தம்பிகிட்ட குடுத்துருங்க" என்றாள். கண்ணியப்பன் சும்மா வாங்க மாட்டேன் என்றான். இரண்டாயிரம் ரிங்கிட் என்று பேசி, தவணையாகக் கொடுத்து வந்தான்.

போன வாரம் அவன் வந்தான். ஆற்றில் கிடந்த மரங்களை அறுத்து எடுத்துவிட்டார்களாம். வளைவுக்கு அந்தப் பக்கம் மறுபடியும் போய் வந்தானாம். "வாங்க மச்சான், ஒங்களையும் ஏத்திக்கிட்டுப் போறேன்" என்றான். உங்க அக்கா வரட்டும் என்றேன்.

அன்று சாயங்காலம் சரோஜாவிடம் தொலைபேசியில் சொன்னேன். 

"அங்க என்ன இருக்குன்னு அவன்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"நெசமா?"

"நெசமா. நீ எப்ப வருவ?"

"பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கட்டும்ங்க." பின்னால் குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.

அன்று கண்ணியப்பன் கிளம்பும்போது மீதிப் பணத்தை மொத்தமாக மேசை மேல் வைத்திருந்தான். நான் எடுத்து அவன் சட்டைப்பையிலேயே திணித்தேன். "என்ன மச்சான், வட்டி போட்டு வாங்கப் போறீங்களா?" என்று சிரித்தான். அப்புறம் கொடு, அவசரமில்லை என்றேன். முழுப் பணத்தையும் வாங்கிவிட்டால் படகு அவனுடையது. இப்போதைக்கு அதில் எங்கள் இரண்டு பேருக்கும் உட்கார ஒரு பலகையாவது மிச்சமிருக்கிறது. பாக்கி அறுநூறு ரிங்கிட்.